தலையும் குடலும்: சண்டிகரைக் கீழேயிருந்து படித்தல்

கட்டடக் கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் போடுகிற போட்டோக்களைக் கவனித்துப் பாருங்கள். அதில் ஆள் இருக்கமாட்டார்கள். வெயில் இருக்கும், நிழல் இருக்கும், கான்கிரீட் இருக்கும், வானம் இருக்கும். தரை துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். துடைத்தவள் மட்டும் இருக்கமாட்டாள். அவள் வேலையை முடித்து நகர்ந்த பிறகுதான் கேமராவைத் திறப்பார்கள். நவீன நகரங்களின் அதிசயக் கட்டடங்களைப் பற்றிய நம்முடைய அழகியல் பேச்சு முழுவதும் இந்தப் போட்டோவைப் போலத்தான் இருக்கிறது.

இந்தப் பேச்சுக்கு இந்தியாவில் அதிகம் அகப்பட்ட நகரம் சண்டிகர். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் புத்தகம் புத்தகமாக எழுதியாகிவிட்டது. 2016-இல் அதன் காப்பிட்டல் வளாகத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஏழு நாடுகளில் லெ கார்புசியே கட்டிய 17 படைப்புகளில் ஒன்றாக. சேர்த்தது தப்பென்று நான் சொல்லவில்லை. அந்தச் சட்டமன்றக் கட்டடத்தின் கூரைமேல் ஒரு பெரிய கோபுரம் அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரம் மாதிரி வாய் பிளந்து நிற்கிறதே, அதை யாரும் சும்மா கடந்து போக முடியாது. தலைமைச் செயலகம் ஏறத்தாழ 250 மீட்டர் நீளத்துக்கு ஒரே மூச்சில் படுத்துக் கிடக்கிறது. ஜன்னலுக்கு முன்னால் கான்கிரீட் பலகைகளை நிறுத்தி வெயிலைத் தடுத்திருக்கிறார்கள். கெட்டிக்கார வேலை. என் கேள்வி வேறு. இந்த நகரத்தை யாருடைய உடம்பை வைத்து அளந்தார்கள்? யாருடைய உடம்பை வைத்துக் கட்டினார்கள்?

*

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. பழைய மரபுகளின் தளை இல்லாத புது நகரம் வேண்டும் என்றார் நேரு. முதலில் அமெரிக்கர் ஆல்பர்ட் மேயரும் போலந்துக்காரர் மாத்யூ நொவிக்கியும் திட்டம் போட்டார்கள். 1950-இல் நொவிக்கி விமான விபத்தில் இறந்துபோனார். 1951-இல் லெ கார்புசியே வந்தார். கூடவே அவருடைய உறவினர் பியர் ழான்னரே, இங்கிலாந்திலிருந்து மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதியர். 800 மீட்டருக்கு 1200 மீட்டர் என்று செக்டார் செக்டாராக நகரத்தை அறுத்தார்கள்.

மரபின் தளை இல்லாத நகரம். இந்த வார்த்தையைக் கேட்டதும் நமக்கு நெஞ்சு விம்மத்தான் செய்கிறது. ஏனென்றால் மரபு என்றால் நமக்கு என்னவென்று நமக்குத் தெரியும். 1948 நவம்பர் 4-இல் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் அம்பேத்கர் கிராமத்தைப் போட்டு உடைத்தார். அறியாமையின் குகை, குறுகிய புத்தியின் கிடங்கு என்கிற பொருளில் பேசினார். கிராமத்தைக் கொண்டாடிய காந்தியவாதிகளுக்கு அது இன்றுவரை ஜீரணமாகவில்லை. அந்தப் பேச்சு நடந்த இரண்டு மூன்று வருசத்தில் வரைந்த நகரம் சண்டிகர். ஆகவே சண்டிகரை நாம் வெளியாள் மாதிரி நின்று வேடிக்கை பார்க்க முடியாது. நமக்கு அதில் பங்கு உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாபில் தலித்துகள் கிட்டத்தட்ட 32 சதவீதம். இந்தியாவிலேயே மாநில வாரியாக அதிக விகிதம் அதுதான்.

இங்கே ஒன்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 1900-இல் வெள்ளைக்காரன் பஞ்சாபில் ஒரு நிலச் சட்டம் போட்டான். விவசாயச் சாதி என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் உள்ளவர்களின் நிலத்தை வெளியாள் விலைக்கு வாங்குவதை அது தடுத்தது. தலித்துகள் பட்டியலில் இல்லை. பாடுபடுகிறவன் அவன், ஆனால் அவன் விவசாயி இல்லை! அரசியல் சட்டம் வந்த பிறகுதான் அந்த ஏற்பாடு ஒழிந்தது. இந்த நிலையில்தான் சண்டிகருக்காகக் கிராமங்களைக் கையகப்படுத்தினார்கள். பட்டா வைத்திருந்தவனுக்கு நட்டஈடு. அவன் வயலில் கூலிக்கு உழைத்தவனுக்கு எந்தத் தாளை நீட்டி என்ன கேட்க முடியும்? மரபின் தளை அறுபடுவதற்கு முன்னாலேயே நகரத்தின் முதல் கணக்கு மரபுப்படிதான் ஆரம்பித்தது.

*

இப்போது வரைபடத்தைப் பார்ப்போம். இந்த நகரத்தை மனித உடம்பாக விளக்குவது வழக்கம். இன்றைக்கும் சுற்றுலாப் புத்தகங்களில் இதுதான். காப்பிட்டல் வளாகம் தலை. செக்டார் 17 கடைவீதி இதயம். பூங்காக்கள் நுரையீரல். பல்கலைக்கழகம் முதலான படிப்பு நிறுவனங்கள் அறிவு. ஏழு தரமாகப் பிரித்த சாலைகள் ரத்த ஓட்டம். தொழிற்பேட்டை குடல்.

இந்த உடம்பை நாம் எங்கேயோ பார்த்திருக்கிறோம் இல்லையா? வாயிலிருந்து ஒருத்தன், தோளிலிருந்து ஒருத்தன், தொடையிலிருந்து ஒருத்தன், காலிலிருந்து ஒருத்தன் என்று நமக்குச் சொல்லப்பட்ட அதே உடம்புதான். லெ கார்புசியே புருஷ சூக்தத்தைப் படித்து வரைந்தார் என்று நான் சொல்லவரவில்லை. அவர் உயிரியலிலிருந்து எடுத்திருப்பார். ஆனால் ஒரு பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த உவமையை இந்திய அதிகார வர்க்கம் ஒரு கேள்வியும் கேட்காமல் மடியில் வாங்கி வைத்துக்கொண்டதே, அது ஏன்? கேட்டுக் கேட்டுப் பழகிய பாட்டு. மெட்டுதான் புதுசு. இந்த உடம்பில் ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பழைய உடம்பில் கால் இருந்தது. காலுக்குக் கீழே நாம் இருந்தோம். புது உடம்பில் காலே இல்லை.

வீட்டுக் கணக்கு இதைவிடத் துலக்கமாகப் பேசுகிறது. அரசு ஊழியர் வீடுகளை ஆரம்பத்தில் 13 வகையாகப் பிரித்தார்கள். சம்பளப்படி, பதவிப்படி. முதல் வகை முதலமைச்சருக்கு. கடைசி வகை பியூனுக்கு. எண் ஏற ஏற வீடு சிறுத்துக்கொண்டே போகும். தலைமாட்டில், வடக்கே, பெரிய வீடுகளும் தோட்டங்களும். தெற்கே போகப் போக நெருக்கம். ஆரம்பத் திட்டத்தில் செக்டார் 13 என்று ஒன்று கிடையாது. ராசியில்லாத எண் என்று விட்டுவிட்டார்கள் என்பார்கள். செக்டாருக்கு ஆகாத 13 பியூன் வீட்டுக்கு ஆகியிருக்கிறது.

சும்மா சொல்லக் கூடாது. அந்த 13-ஆம் வகை வீட்டைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். அதில் இரண்டு அறை, சமையலறை, முற்றம், குளிக்க இடம், தண்ணீர் ஊற்றிவிடுகிற கக்கூஸ் இருந்தன. ஜேன் ட்ரூ போன்றவர்கள் குறைந்த செலவு வீடுகளுக்காக மெனக்கெட்டிருக்கிறார்கள். தோழர்களே, 1950-களில் கடைநிலை ஊழியன் ஒருவனுக்கு வீட்டுக்குள்ளேயே குழாயும் கக்கூஸும் என்பது சின்ன விஷயமில்லை. குளத்தில் இறங்க விடாதவர்களுக்கு, கிணற்றடியில் தள்ளி நின்று யாராவது ஊற்றுவார்களா என்று காத்துக் கிடந்தவர்களுக்கு, சொந்தக் குழாய் என்றால் என்ன என்று கட்டடக் கலைப் பத்திரிகைக்குத் தெரியாது. திண்ணை போச்சே, முற்றம் போச்சே, மேல்நாட்டான் வந்து நம்ம மண்ணுக்கு ஒட்டாத கான்கிரீட்டைக் கொட்டிட்டானே என்று அழுகிறவர்களோடு நாம் சேர்ந்து அழ முடியாது. அந்தத் திண்ணையில் நம்மை உட்கார விட்டதில்லை. நம்முடைய புகார் நகரம் நவீனமாகிவிட்டது என்பதல்ல. போதுமான அளவு நவீனமாகவில்லை என்பதுதான். பிறப்புப்படி இருந்த வரிசையைச் சம்பளப்படி மாற்றி எழுதினார்கள், வரிசையை விடவில்லை. பியூனும் பெருக்குகிறவனும் எந்தச் சாதியிலிருந்து வந்தார்கள் என்று யாரும் கணக்கெடுத்துச் சொல்லத் தேவையில்லை.

*

அளவைப் பற்றிச் சொன்னேன். லெ கார்புசியே கட்டடத்தை அளக்க மாடுலார் என்று ஓர் அளவுமுறையை உண்டாக்கினார். ஒரு கையைத் தூக்கி நிற்கிற ஆணின் உருவம் அதன் சின்னம். முதலில் அந்த ஆணின் உயரம் 175 சென்டிமீட்டர். பிறகு ஆறடி, அதாவது சுமார் 183 சென்டிமீட்டர் ஆக்கினார்கள். ஏன் தெரியுமா? ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் வருகிற லட்சணமான போலீஸ்காரர்கள் ஆறடி இருப்பார்களாம். இதை அவருடைய புத்தகத்திலேயே பார்க்கலாம். அந்தப் போலீஸ்காரனின் உடம்பு பஞ்சாபின் தலைநகருக்கு அளவுகோல்!

அந்த மனிதன் நிற்பான், உட்காருவான், சாய்ந்துகொள்வான். எல்லாவற்றுக்கும் எண் உண்டு. அவன் குனிந்து பெருக்குவதில்லை. தலையில் சட்டி சுமப்பதில்லை. வயிற்றில் பிள்ளையோடு சாரத்தில் ஏறுவதில்லை. ஆனால் சண்டிகரின் கான்கிரீட் பெரும்பாலும் தலைச்சுமையில் மேலே போனது. அந்தக் காலத்துப் போட்டோக்களில் இருக்கிறது. பெண்கள் வரிசை வரிசையாகச் சரிவுப் பாதையில் சட்டி சுமந்து ஏறுகிறார்கள். கழுதைகளும் கூட ஏறுகின்றன. பூச்சு வேலை செய்யாமல் அப்படியே விட்ட அந்தக் கரடுமுரடான கான்கிரீட்டைத்தான் விமர்சகர்கள் தடவித் தடவிப் பாராட்டுகிறார்கள். பலகையின் தடம் தெரிகிறது, கையின் தடம் தெரிகிறது என்கிறார்கள். தடம் தெரிகிறது சரி. கை எங்கே போச்சு?

கை எங்கே போச்சென்று 1982-இல் மது சரின் சண்டிகர் பற்றிய தம் நூலில் விரிவாகக் காட்டினார். கட்டியவர்களுக்குத் திட்டத்தில் இடமே வைக்கவில்லை. அரசு ஊழியனுக்கு 13-ஆம் வகையாவது உண்டு. கூலிக்கு வந்தவனுக்கு எந்த வகையும் இல்லை. அவன் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. நகரம் வளர வளரக் காலனிகள் முளைப்பதும் இடிபடுவதும் நடந்தது. அவற்றுக்குப் பெயர் கூடக் கிடையாது, எண்தான். 2013-இல் காலனி எண் 5 இடிக்கப்பட்டது. தொழிற்பேட்டையில் இருந்த காலனி எண் 4-ஐ 2022 மே 1 அன்று புல்டோசர் வைத்து இடித்தார்கள். மே 1! நாள் பார்த்துச் செய்தார்களோ பார்க்காமல் செய்தார்களோ, இரண்டும் ஒன்றுதான். கணக்கெடுப்பில் பெயர் ஏறியவர்களுக்குச் சின்ன அடுக்குமாடி வீடு என்று ஒரு திட்டம் 2006 முதல் இருக்கிறது. பெயர் ஏறாதவர்களுக்கு வெயில்தான்.

*

இந்த நகரத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது சட்டமன்றமும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. பாதாளச் சாக்கடையின் மூடி. வார்ப்பிரும்பில் செய்த வட்ட மூடி. அதன் மேல் சண்டிகரின் வரைபடத்தையே வார்த்திருக்கிறார்கள். செக்டார்கள், சாலைகள், எல்லாம் அச்சு அசலாக. உலகத்தில் வேறெந்த நகரமும் தன் முகத்தை இப்படிச் சாக்கடை வாயில் பொறித்துக்கொண்டதா தெரியவில்லை. அந்த மூடிகள் ஐரோப்பிய ஏல மண்டபங்கள் வரை போய்விட்டன. பணக்காரர்கள் வாங்கிச் சுவரில் மாட்டுகிறார்கள்.

என் அப்பா ஒரு நகராட்சியில் இப்படிப்பட்ட மூடிகளைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தவர். அவர் திறந்த மூடியில் படம் ஒன்றும் இல்லை. அவர் சொல்வார்: "தொறந்த உடனே எறங்கக் கூடாதுடா. செத்த நேரம் நின்னு பாக்கணும். கரப்பான் உசுரோட மேல ஏறி வந்துச்சுன்னா உள்ள காத்து இருக்குன்னு அர்த்தம். ஒண்ணும் வரலேன்னா நீயும் வரமாட்ட." முகமூடி இல்லை, கயிறு இல்லை, கரப்பான்தான் கருவி. மூடியை நான் மேலிருந்து பார்க்கப் பழகவில்லை. அது திறந்து கிடக்கும்போது உள்ளே இருக்கிறவனின் தலைக்கு மேல் தெரிகிற வட்டமாகத்தான் எனக்குத் தெரியும்.

ஒரு வடிவமைப்பாளன் மூடியின் மேல்பக்கத்தை இவ்வளவு யோசித்தானே, கீழ்ப்பக்கத்தை யோசித்தானா? மனிதன் இறங்காமலே அடைப்பெடுக்க என்ன வழி என்று வரைந்தானா? லெ கார்புசியேவை மட்டும் சொல்லவில்லை. இன்றைக்குக் கண்ணாடிக் கோபுரம் கட்டுகிற எல்லோரையும் கேட்கிறேன். மலம் அள்ளும் வேலையைத் தடை செய்து 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். சாக்கடையில் செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறுகிறது. செத்துப்போவது நிற்கவில்லை. ஒரு நகரத்தின் கழிவுநீர்க் குழாய் எப்படி வரையப்பட்டிருக்கிறது என்பது கட்டடக் கலை இல்லையென்றால் வேறெதுதான் கட்டடக் கலை?

*

சண்டிகரிலேயே இதற்கு எதிர்ப்பாட்டு ஒன்று உண்டு. பாகிஸ்தானாகிவிட்ட பகுதியிலிருந்து அகதியாக வந்தவர் நேக் சந்த். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். 1957 வாக்கில், சுக்னா ஏரிக்குப் பக்கத்துக் காட்டில், யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டம் கட்ட ஆரம்பித்தார். நகரத்துக்காக இடித்துப்போட்ட கிராமங்களின் ஓடு, செங்கல், உடைந்த கக்கூஸ் கோப்பை, வளையல் துண்டு, பாட்டில். இவைதான் சாமான். 1970-களின் ஆரம்பத்தில் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். சட்டப்படி இடிக்க வேண்டிய ஆக்கிரமிப்பு. ஆனால் மக்கள் அதை விடவில்லை. 1976-இல் முறையாகத் திறந்தார்கள். 1984-இல் அவருக்கு பத்மஸ்ரீ. 2015-இல் காலமானார்.

திட்டமிட்ட நகரத்தின் வயிற்றுக்குள் திட்டமில்லாத ஊர் ஒன்று உடைசல்களால் எழுந்து நிற்கிறது. கோணல் பாதை, குனிந்து போக வேண்டிய வாசல், வரிசை வரிசையாகப் பொம்மை மனிதர்கள். மாடுலார் மனிதனும் அங்கே குனிய வேண்டும். ஆனாலும் இதையும் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். குப்பையிலிருந்து கலை செய்தவரை உலகம் கொண்டாடுகிறது. குப்பையிலிருந்து சோறு எடுக்கிறவர்களை அதே நகரம் தடுமாஜ்ரா குப்பைமேட்டுப் பக்கம் குடிவைத்து, நாற்றத்தைச் சுவாசிக்கச் சொல்கிறது. உடைந்த கோப்பைக்குக் கிடைத்த மறுவாழ்வு அதைக் கழுவியவனுக்குக் கிடைக்கவில்லை.

*

கடைசியாகச் சிலை விவகாரம். சண்டிகருக்கென்று லெ கார்புசியே ஓர் ஆணை எழுதிவைத்தார். தனிமனிதர் சிலைகள் இந்த நகரத்தில் கூடாது என்று அதில் இருக்கிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. தனிமனித வழிபாடு நமக்கும் ஆகாது. ஆனால் யாருக்குச் சிலை தேவையில்லை? பாடப் புத்தகத்திலும் தெருப் பெயரிலும் கோயில் கல்வெட்டிலும் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்குத் தேவையில்லை. நமக்குச் சிலை என்பது அலங்காரமில்லை. சேரி முனையில் கோட்டுப் போட்டு, புத்தகம் பிடித்து, விரல் நீட்டி ஒருத்தர் நிற்கிறார் என்றால், இந்த மண்ணில் எங்களுக்கும் நிற்க இடம் உண்டு என்று அர்த்தம். அதனால்தான் உடைக்கிறார்கள். அதனால்தான் தமிழ்நாட்டில் அம்பேத்கர் கூண்டுக்குள் நிற்கிறார்.

சிலை கூடாத அதே சண்டிகரில் 1985-இல் திறந்த கை நினைவுச் சின்னம் நின்றது. 26 மீட்டர் உயரம், காற்றில் திரும்பும் உலோகக் கை. அது உலகக் கலை. உத்தரப்பிரதேசத்தில் மாயாவதி ஆட்சியில் லக்னோவில் கல் யானைகள் நின்றன. நொய்டாவில் தலித் பிரேரணா ஸ்தலம் 2011 அக்டோபர் 14 அன்று திறக்கப்பட்டது. பாபாசாகேப் பௌத்தம் தழுவிய நாள் அது. உடனே அது மக்கள் பணத்தின் வீண், ஆடம்பரம், ரசனைக்கேடு. 2012 ஜனவரியில் தேர்தல் ஆணையம் சொல்லி யானைகளுக்கெல்லாம் துணி சுற்றினார்கள். கட்சிச் சின்னமாம். கை இன்னொரு கட்சியின் சின்னம். சண்டிகரின் கைக்கு யாராவது உறை போட்டார்களா?

இதனால் லக்னோவை விமர்சிக்கக் கூடாது என்று இல்லை. விமர்சிக்கத்தான் வேண்டும். உயிரோடு இருக்கும் தலைவர் தனக்குத்தானே சிலை வைத்துக்கொண்டது சரியில்லை. கண் போகிற தூரம் வரை கல் பாவி, நிழலுக்கு மரம் தேட வைத்தது சரியில்லை. கல் சுமந்த கூலிக்காரியின் பெயர் அங்கேயும் இல்லை. சண்டிகரின் காப்பிட்டல் மைதானத்தைப் போலவே ஆளைச் சின்னதாக்கும் வெட்டவெளி அது. ஆனால் இரண்டு வெட்டவெளிகளை ஒரே தராசில் போடு என்கிறேன். ஒன்றுக்கு அழகியல், இன்னொன்றுக்குத் தணிக்கை அறிக்கை என்று ரெட்டை டம்ளர் வைக்காதே.

நமக்கென்று ஒரு கட்டடக் கலை விமர்சனம் வேண்டும். அது முகப்பிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. கக்கூஸிலிருந்து, குழாயிலிருந்து, குப்பை போகும் வழியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கட்டியவள் இரவு எங்கே படுத்தாள் என்று கேட்க வேண்டும். பெருக்குகிறவளுக்கு ஒதுங்க ஒரு அறை வரைபடத்தில் உண்டா என்று விரல் வைத்துத் தேட வேண்டும். அதற்குப் பிறகு வடிவம் பற்றிப் பேசலாம், நிழல் பற்றிப் பேசலாம்.

சண்டிகர் அலுவலகங்களுக்காக ழான்னரேயின் குழு வடிவமைத்த தேக்கு நாற்காலிகள் பழசாகிக் கழித்துக் கட்டப்பட்டன. அவை வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விலைபோவது தெரிந்ததும் அரசு விழித்துக்கொண்டது. 2011-இல் உள்துறை அமைச்சகம் அந்தச் சாமான்களை விற்கக் கூடாது, பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. சரியான உத்தரவு. நாற்காலியைக் காப்பாற்ற உத்தரவு வந்து 11 வருசம் கழித்துக் காலனி எண் 4-க்குள் புல்டோசர் நுழைந்தது. உட்கார்ந்த பலகைக்குக் கிடைத்த பாதுகாப்பு, சுமந்த தலைக்கு எப்போது?